நெட்டி முறித்தால் முதுகுவலி போகுமா? வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் தள்ளிச் செய்யும் சிகிச்சை), சுளுக்கு எடுப்பது, குழந்தைக்கு உரம் (தூக்கும்போது ஏற்பட்டதாகச் சொல்லும் பிடிப்பு) எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு எங்கள் எலும்பு – மூட்டு, குழந்தை நலக் குழுவினர் பதில் தருகிறார்கள்.

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கிறார். இரண்டு வாரமாக இடுப்புக்கு மேலே பிடிப்பு. காலுக்கு வலி இறங்கவில்லை. கைரோபிராக்டிக் சென்டரில் காட்டினோம். "எலும்பு விலகியிருக்கிறது, 12 சிட்டிங்கில் உட்கார வைத்துவிடலாம்" என்று முன்பணம் கேட்கிறார்கள். ரீல்ஸில் பார்க்கும்போது 'கடக்' என்று சத்தம் வந்ததும் ஆட்கள் எழுந்து நடக்கிறார்கள். கட்டலாமா?
— வாசகி, திருப்பூர்

பதில்: முன்பணம் கட்ட வேண்டாம். காரணத்தைச் சொல்கிறோம்.

கைரோபிராக்டிக் 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பாமர் தொடங்கிய முறை. அவர் கைவைத்த முதல் ஆள் முதுகுவலிக்காரர் அல்ல, காது மந்தமான ஒரு துப்புரவுப் பணியாளர்! முதுகெலும்பு லேசாக விலகி நரம்பை நெரிப்பதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்பது பாமரின் கொள்கை. அந்தக் கொள்கைக்கு இன்றுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் கையாண்ட உத்தி, அதாவது மூட்டைச் சட்டென்று சிறிய தூரத்துக்கு வேகமாகத் தள்ளுவது, இடுப்புவலிக்கு ஓரளவு பயன்படுகிறது. பிசியோதெரபிஸ்ட்களும் அதைச் செய்கிறார்கள். கொள்கையையும் உத்தியையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அந்த 'கடக்' எலும்பு எலும்போடு பொருந்தும் சத்தம் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்தில் சட்டென்று அழுத்தம் குறையும்போது வாயுக் குமிழி உண்டாகும் சத்தம் அது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரலை இழுத்து நெட்டி முறிக்க வைத்து, குமிழி உண்டாவதைப் படமாகவே எடுத்தார்கள். ஒருமுறை நெட்டி வந்த விரலில் உடனே மறுபடி வராது, ஏறக்குறைய 20 நிமிடம் ஆக வேண்டும். சத்தம் வந்த பின் சில மணி நேரம் தசை தளர்ந்து இதமாக இருப்பது உண்மைதான். எலும்பு எங்கும் போகவில்லை, எங்கிருந்தும் திரும்பி வரவும் இல்லை.

நிஜமாகவே முதுகெலும்பு விலகும் நோய் ஒன்று உண்டு. ஒரு எலும்பு அடுத்ததன் மேல் முன்பக்கமாக நழுவுவது அது. அதைக் கையால் தள்ளி உட்கார வைக்க முடியாது, அப்படித் தள்ளவும் கூடாது.

இனி உங்கள் கணவர் விஷயம். காலுக்கு இறங்காத, அடிபடாமல் வந்த இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் தானாகவே தணியும். 12 சிட்டிங் முடியும்போது அந்த ஆறு வாரமும் ஓடியிருக்கும், பெயர் சென்டருக்குப் போகும். அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த இடுப்புவலிக்குச் சூட்டு ஒத்தடம், மசாஜ், அக்குபங்சர், முதுகெலும்புக் கையாளுகை ஆகியவற்றை ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறது. ஒன்றை மற்றொன்றுக்கு மேலே தூக்கவில்லை. பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல், உடற்பயிற்சி இல்லாமல் கைச் சிகிச்சை மட்டும் கொடுக்க வேண்டாம் என்கிறது.

வீட்டில் இதைச் செய்யச் சொல்லுங்கள். படுத்தே கிடக்க வேண்டாம். காலை, மதியம், மாலை பத்துப் பத்து நிமிடம் நடக்கட்டும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம். பிறகு பாயில் கையும் முழங்காலும் ஊன்றி, முதுகை மெல்ல மேலே வளைத்துக் கீழே இறக்குவது பத்து முறை. மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக மார்புக்கு இழுத்து 20 விநாடி நிறுத்துவது, பக்கத்துக்கு மூன்று முறை. செய்யும்போது வலி காலுக்கு இறங்கினால் அந்தப் பயிற்சியை விட்டுவிட வேண்டும்.

மிஷினைக் கவனிக்காவிட்டால் வலி திரும்பும். முதுகுச் சாய்வு இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்து, பெடல் எட்டாமல் முன்னால் நகர்ந்து, துணியைக் குனிந்து பார்த்துத் தைப்பதில்தான் இடுப்பு போகிறது. பெடலில் கால் வைக்கும்போது முழங்கால் செங்கோணத்தைவிடக் கொஞ்சம் விரிந்தபடி இருக்க வேண்டும். டேபிள் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். ஒரு பண்டில் முடிந்ததும் எழுந்து நின்று இடுப்பில் கைவைத்துப் பின்பக்கமாக ஐந்து முறை சாயட்டும். பீஸ் ரேட்டில் அதற்கு ஏது நேரம் என்பார். அரை நிமிடம்தான்.

ஸ்கேன் எடுக்க அவசரம் வேண்டாம். வலியே இல்லாதவர்களின் முதுகை ஸ்கேன் செய்த 33 ஆய்வுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்ததில், 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ரிப்போர்ட்டில் அந்தச் சொற்களைப் பார்த்துப் பயந்து மாதக்கணக்கில் படுத்தவர்கள் நிறைய. ஆனால் மலஜலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, பாதம் தொங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் காலை என்று தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: பேரனுக்கு ஆறு வாரம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் எட்டு, ஒன்பது வரை அழுகை. தூக்கினால் இன்னும் அழுகிறான். உரம் விழுந்திருக்கிறது, வேட்டியில் போட்டு உருட்டி எடுக்கலாம் என்கிறார் சம்பந்தியம்மா. மருமகளோ, வெளிநாட்டில் பச்சைக் குழந்தைக்கே கைரோபிராக்டிக் செய்கிறார்களே, அது தேவலையா என்கிறாள்.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டுமே வேண்டாம். ஆனால் 'உரம்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது சிரித்துவிட்டுப் போகவும் கூடாது. தூக்கும்போது குழந்தை வீறிடுகிறது என்பதை முதலில் கவனிப்பவர்கள் அவர்கள்தான். அந்தக் கவனிப்பு சரி. வைத்தியம்தான் தப்பு.

முதலில் அழுகையைப் பிரித்துப் பாருங்கள். சாயங்காலத்தில் மட்டும், ஏறக்குறைய அதே நேரத்தில், முகம் சிவந்து, கை முஷ்டியை இறுக்கி, காலை வயிற்றுக்கு மடக்கி அழுகிறான். மற்ற நேரத்தில் நன்றாகப் பால் குடிக்கிறான், எடை ஏறுகிறது என்றால் அது கோலிக் எனப்படும் அழுகை. நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் என்பது மருத்துவர்களின் பழைய கணக்கு. இரண்டாம் வாரம் வாக்கில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். உங்கள் பேரன் இப்போது உச்சத்தில் இருக்கிறான். இந்த வாரம் உரம் எடுத்தாலும் அடுத்த வாரம் கைரோபிராக்டரிடம் போனாலும், அதன்பின் அழுகை குறையத்தான் செய்யும். எடுத்தவருக்குக் கைராசிக்காரர் என்ற பெயர் கிடைத்துவிடும். கோலிக்குக்குக் கைச் சிகிச்சை பற்றி நடந்த ஆய்வுகளை 2012-இல், மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்தது. ஆய்வுகள் சிறியவை, பல குறைகள் உள்ளவை, நம்பி முடிவெடுக்கப் போதாது என்பதுதான் கிடைத்த விடை.

தூக்கினால் மட்டும் அழுகிறான், ஒரு கையை மற்றதைப் போல ஆட்டவில்லை என்றால் கதை வேறு. பிரசவத்தில் தோள் மாட்டிக்கொள்ளும் குழந்தைகளில் சிலருக்குக் காறை எலும்பு முறியும். பத்து நாளில் அந்த இடத்தில் சின்ன முண்டு தட்டுப்படும், இரண்டு மூன்று வாரத்தில் தானே கூடிவிடும். உரம் எடுத்துச் சரியானதாகச் சொல்லப்படும் குழந்தைகளில் சிலர் இவர்களாக இருக்கலாம். கை தொங்கியே இருந்தால் தோள் நரம்பில் அடி. காய்ச்சலோடு கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருந்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம், அது அவசரம். இந்த மூன்றிலும் வேட்டியில் உருட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று குடல் சொருகல். சில நிமிடம் துடித்து அழுவான், பிறகு சோர்ந்து கிடப்பான், மறுபடி துடிப்பான். பச்சையாக வாந்தி வரும். பிந்தினால் மலம் சிவப்பு ஜெல்லி போலப் போகும். ஆறு மாதத்தை ஒட்டிய குழந்தைகளுக்குத்தான் அதிகம், ஆனாலும் தெரிந்து வையுங்கள். இதைக் குடலேற்றம் என்று நினைத்து எண்ணெய் போட்டு வயிற்றை நீவிப் பொழுதைக் கடத்தி, குடல் அழுகிப்போன நிலையில் குழந்தைகள் வருவது உண்டு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தாலே, வேறு எதுவும் இல்லாவிட்டாலும், உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வேட்டியில் உருட்டுவதில் என்ன ஆபத்து? ஆறு வாரக் குழந்தைக்குத் தலைதான் உடம்பிலேயே கனம், கழுத்துத் தசையோ இன்னும் நிற்கவில்லை. இரண்டு பேர் முனையைப் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டும்போது உடம்பு ஒரு பக்கம் போக, தலை பின்தங்கி வேறு பக்கம் போகும். கை தவறினால் விழவும் செய்யும்.

செய்ய வேண்டியது: பால் குடித்ததும் தோளில் சாய்த்து 10–15 நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். மார்க்காம்பு மட்டுமல்லாமல் கரு வட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போகிறதா என்று பாருங்கள். பிடிப்பு சரியில்லாவிட்டால் காற்றை விழுங்குவான். அழும்போது முன்கையில் குப்புறச் சாய்த்து, தலை உங்கள் முழங்கை மடிப்பில் இருக்கும்படி தூக்கி மெல்ல நடக்கலாம். விளக்கை அணைத்துச் சத்தத்தைக் குறையுங்கள். எண்ணெய் தேய்ப்பது நல்லதுதான்: பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து, கைச் சூட்டுக்கு வந்த தேங்காயெண்ணெய், தோலின் மேல் மட்டும். கையையும் காலையும் மாற்றி இழுத்து நெட்டி எடுப்பது, மூக்கை அமுக்கி எடுப்பாக்குவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது எல்லாம் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்த குழந்தைகள் நம் ஊரில்தான் இருக்கிறார்கள்.

மருமகளுக்கு ஒரு வார்த்தை: பொறுக்க முடியாத அளவுக்கு எரிச்சல் வந்தால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் ஐந்து நிமிடம் உட்காரட்டும். எந்தக் காரணத்துக்கும் குலுக்கக் கூடாது.

கேள்வி: இங்கே குழந்தைகளுக்குக் கைரோபிராக்டிக் தடை செய்யப்பட்டது என்கிறார்கள், பிறகு நீக்கிவிட்டார்கள் என்கிறார்கள். எது சரி?
— வாசகர், மெல்பர்ன்

பதில்: இரண்டும் நடந்தது. 2019-இல் விக்டோரியா மாநில அரசு கேட்ட ஆய்வையொட்டி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் முதுகெலும்பைக் கையாளக் கூடாது என்று ஆஸ்திரேலியக் கைரோபிராக்டிக் வாரியம் இடைக்காலக் கொள்கை அறிவித்தது. 2023 இறுதியில் அதைத் தளர்த்தியது. சுகாதார அமைச்சர்கள் எதிர்த்ததும் 2024 ஜூனில் மறுபடி கொண்டுவந்தது. விக்டோரியா ஆய்வில் பெரிய தீங்குகள் அதிகம் தென்படவில்லை. பயன் இருப்பதற்கும் வலுவான சான்று தென்படவில்லை. பயன் இல்லாத இடத்தில் சிறு ஆபத்தும் எதற்கு என்பதே எங்கள் கருத்தும்.

கேள்வி: மகளுக்கு இரண்டு மாதம். தலை எப்போதும் இடது பக்கம் சாய்ந்தே இருக்கிறது, முகம் வலது பக்கம் பார்க்கிறது. இடது கழுத்தில் புளியங்கொட்டை அளவு கட்டி. பின்மண்டை ஒரு பக்கம் தட்டையாகிறது. சுளுக்கு என்று நினைத்து வழித்துவிட்டோம், கடுகுத் தலையணையும் வைத்தோம்.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: இது சுளுக்கு அல்ல. காதுக்குப் பின்னிருந்து நெஞ்செலும்புக்கு வரும் தசை இடது பக்கம் சுருங்கியிருக்கிறது. கட்டி அந்தத் தசையிலேயே உள்ள தடிப்பு. பிறந்த சில வாரங்களில் தெரியவந்து பெரும்பாலும் சில மாதங்களில் கரையும். வழிப்பதால் கரையாது, புண்ணாகத்தான் ஆகும். மூன்று மாதத்துக்குள் நீட்சிப் பயிற்சி தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும் என்பதால் இந்த வாரமே போய்க் காட்டுங்கள். டாக்டர் கட்டியை அல்ட்ராசவுண்டில் பார்ப்பார். இடுப்பு மூட்டையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், கழுத்து சாய்ந்த குழந்தைகளில் சிலருக்கு அதுவும் வளர்ச்சி குறைந்திருக்கும்.

பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் முன்னால் ஒருமுறை செய்து காட்டிய பிறகே வீட்டில் செய்ய வேண்டும். முறை இது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். உங்கள் ஒரு கை அவள் இடது தோளை மெல்ல அழுத்திப் பிடிக்கட்டும். தோளை விட்டால் அதுவும் கூடவே எழும்பிவிடும், தசை நீளாது. மறு கையால் பின்மண்டையைத் தாங்கி, வலது காது வலது தோளை நோக்கிப் போகும்படி சாயுங்கள். தடை தெரியும் இடத்தில் நிறுத்தி 10 விநாடி, பழகப் பழக 30 விநாடி வரை. அடுத்து முகத்தை இடது தோள் பக்கம் திருப்பி அதே போல. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று தடவை, நாப்கின் மாற்றும்போதெல்லாம் செய்தால் கணக்கு தானாகச் சேர்ந்துவிடும். முகம் நீலமானாலோ கத்தி எதிர்த்தாலோ விட்டுவிடுங்கள். சட்டென்று திருப்புவது, நெட்டி எடுப்பது அறவே கூடாது.

மீதியை வீட்டு அமைப்பு செய்யும். கிலுகிலுப்பை, வெளிச்சம், பேச்சு எல்லாம் அவளுக்கு இடது பக்கத்திலிருந்து வரட்டும். பால் கொடுக்கும்போதும் இடப்புறம் திரும்ப வேண்டியபடி பிடியுங்கள். விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் கூடவே உட்கார்ந்து, குப்புறப் படுக்க வையுங்கள். முதலில் இரண்டு மூன்று நிமிடம், போகப் போகக் கூட்டலாம். தூங்கும்போது மல்லாக்க மட்டும். கடுகுத் தலையணையை இன்றே எடுத்துவிடுங்கள். ஒரு வயதுக்குள் எந்தத் தலையணையும் மூச்சடைப்பு ஆபத்துதான். தவிர அது தட்டையாவதற்குக் காரணமான கழுத்தைத் தொடுவதே இல்லை.

கேள்வி: முடி வெட்டி முடித்ததும் சலூனில் கழுத்தை இரண்டு பக்கமும் 'டக் டக்' என்று திருப்பிவிடுவார்கள். அது இல்லாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. தப்பா?
— வாசகர், சேலம்

பதில்: தப்பு. தலையைப் பிடித்துவிடச் சொல்லுங்கள், கழுத்தைத் திருப்ப விடாதீர்கள். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளை வழியே ஏறி, மேலே முதல் எலும்பைச் சுற்றி வளைகின்றன. திடீர்த் திருகலில் அந்த வளைவில் தமனியின் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் உறையும் ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இது அரிது. ஏற்கெனவே கிழியத் தொடங்கிய தமனியின் வலிக்காகவே சிலர் கழுத்தைத் திருப்பப் போகிறார்கள் என்பதால் எது முதலில் என்று சொல்வது எல்லா நேரமும் எளிதல்ல. 2014-இல் அமெரிக்க இதய சங்கம், கழுத்துக் கையாளுகைக்கு முன் இந்தத் தொடர்பை நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்றது. சலூனில் யார் சொல்வார்கள்?

திருப்பிய பின், உடனேயோ ஓரிரு நாளிலோ, இதுவரை இல்லாத கழுத்து – பின்மண்டை வலி, தலைசுற்றல், இரட்டையாகத் தெரிவது, நாக்குழறல், விழுங்கச் சிரமம், நடை தள்ளாட்டம் வந்தால் 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

கேள்வி: இங்கே ஒரு கிளினிக்கில் குடும்பம் முழுவதற்கும் ஓராண்டு பேக்கேஜ் தருகிறார்கள். ஐந்து வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் முதுகு முழுக்க எக்ஸ்ரே எடுத்துப் 'பராமரிப்பு' வேண்டுமாம். வேலையிடத்துக் காப்புறுதி பணம் தரும். மகளுக்கு முதுகு கோணல் என்கிறார்கள்.
— வாசகி, ஸ்கார்பரோ

பதில்: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கைரோபிராக்டர்கள் சட்டப்படி பதிவு பெற்றவர்கள், பெயரை 'கல்லூரி' எனப்படும் அவர்களின் பதிவு மன்றத்தின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். (இந்தியாவில் அப்படியொரு சட்டப் பதிவு மன்றமே இல்லை என்பதால், இங்குள்ள வாசகர்கள் 'கைரோ' என்ற பலகையை மட்டும் நம்பக் கூடாது, பிசியோதெரபி பட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள்.) 2004 இறுதியில் மாகாண அரசின் ஓகிப் காப்பீடு கைரோபிராக்டிக்கை விட்டுவிட்டது. அதிலிருந்து செலவு வேலையிடத்துக் காப்புறுதியில்தான் ஓடுகிறது, பேக்கேஜ்கள் பல அந்த வருடாந்தத் தொகையைப் பார்த்தே தைக்கப்படுகின்றன.

நோயில்லாத பிள்ளைக்குப் 'பராமரிப்பு' தேவையில்லை. ஆபத்து அறிகுறி இல்லாத புது இடுப்புவலிக்கு முதல் ஆறு வாரத்தில் எக்ஸ்ரே வேண்டாம் என்று அமெரிக்கக் கைரோபிராக்டர்களின் சங்கமே 2017-இல் சொல்லியிருக்கிறது. வலியே இல்லாத ஐந்து வயதுக்கு எதற்குக் கதிர்வீச்சு?

கோணலை வீட்டிலேயே பாருங்கள். மகளை மேல்சட்டை இல்லாமல், கால்களைச் சேர்த்து, உள்ளங்கைகளை ஒட்டி, வணங்குவது போல இடுப்பிலிருந்து குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று பார்த்தால் முதுகின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஒரு பக்க விலா மேடிட்டுத் தெரிந்தால் குடும்ப மருத்துவர் வழியாக எலும்பு சிறப்பு மருத்துவரிடம் போங்கள். அப்போது எக்ஸ்ரேக்குப் பொருள் உண்டு. 10 டிகிரிக்குக் கீழே இருப்பது கோணல் கணக்கிலேயே வராது. வளரும் வயதில் 25 டிகிரியைத் தாண்டினால் பட்டை போடுவார்கள். நெட்டி எடுத்து வளைவு நிமிர்ந்ததாகச் சான்று இல்லை.

பேக்கேஜ் விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நான்கு தடவையில் மாற்றம் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?" நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்புவேன் என்பவர் நம்பத்தக்கவர். இன்னும் எட்டு தடவை வேண்டும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: 33 வாரம். குழந்தை தலை மேலே இருக்கிறது. இடுப்பைச் சரிசெய்தால் குழந்தை திரும்பிவிடும் என்கிறார்களே?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அப்படித் திரும்பும் என்பதற்கு நல்ல ஆய்வு இல்லை. 33 வாரத்தில் தலை மேலே இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை தாமாகவே திரும்பிவிடும். பிரசவ மாதத்தில் தலை மேலே நிற்பது நூற்றுக்கு மூன்று நான்குதான். 36–37 வாரத்திலும் திரும்பாவிட்டால், மருத்துவமனையில் ஸ்கேனும் இதயத்துடிப்புக் கருவியும் வைத்து, வயிற்றின் மேலிருந்து கையால் திருப்பிப் பார்ப்பார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்கும். இடுப்பு வலிக்கு என்றால் பக்கவாட்டில் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை, உட்கார்ந்தபடியே உள்ளாடை மாற்றுவது, படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைப்பது உதவும்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. இரண்டு மாதமாக நடுமுதுகு வலி, ராத்திரியில் அதிகம். சாயங்காலம் லேசாகக் காய்ச்சல். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். காலால் பிறந்தவரை (பிரசவத்தில் கால் முதலில் வந்தவரை) கொண்டு மிதித்துவிடச் சொல்லலாம் என்கிறார்கள்.
— வாசகர், வேலூர்

பதில்: யாரும் மிதிக்கவோ தட்டவோ விட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது முதுகெலும்புக் காசநோயின் அடையாளம் போல இருக்கிறது; புற்றுநோய் பரவலும் இதே போல வரும். உளுத்துப்போன எலும்பு அழுத்தத்தில் நொறுங்கித் தண்டுவடத்தில் குத்தினால் இரண்டு காலும் போய்விடும். நாளைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, முதுகு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், தேவைப்பட்டால் ஊசி மூலம் திசு எடுத்துக் கிருமி சோதனை செய்வார்கள். காசநோய் என்றால் மருந்து இலவசம், பல மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். அதுவரை கனம் தூக்க வேண்டாம், பைக்கில் அழைத்துப் போக வேண்டாம். கால் மரத்தாலோ நடை தடுமாறினாலோ ஆம்புலன்ஸில் படுக்க வைத்தே கொண்டு போங்கள்.